பத்தாவது அறிவிப்பு

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. ஓட்டுநர், நடத்துநர், கழிப்பறைக் காவலர், பழக்கடைக்காரர், ஏன், நிலைய மேலாளருக்குக்கூட அவள் மைக் அக்காதான். அவரைவிட அவளுக்கு மூன்று வயது குறைவு என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

இருபத்து மூன்று வருடமாக விசாரணை அறையில் வேலை. அறை என்பது சும்மா மரியாதைக்குச் சொல்வது. மூன்று பக்கம் கண்ணாடி, நான்காவது பக்கம் கழிப்பறையின் பின்சுவர். உள்ளே ஒரு மேசை, வளைந்த கழுத்தோடு ஒரு மைக், உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும் நாற்காலி. முன்பெல்லாம் எந்த வண்டி எந்த நடைமேடை என்று காலை முதல் மாலை வரை அவளே சொல்வாள். ஐந்தாறு வருடத்துக்கு முன் கணினி வந்தது. அவளையே உட்கார வைத்து ஊர்ப் பெயர்களையும் எண்களையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லிப் பதிந்துகொண்டார்கள். இப்போது அந்தத் துண்டுகளை ஒட்டி ஒட்டி அதுவே பேசிக்கொள்கிறது.

“என்னை வச்சே என் வேலையப் புடுங்கிட்டாங்க பாருங்க” என்பாள், யாராவது கேட்டால். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

ஆனால் காணாமல் போனவர்களைக் கணினியால் கூப்பிட முடியவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி காணாமல் போகிறார்கள். அதனால் அந்த வேலை மட்டும் அவளிடமே தங்கிவிட்டது.

அதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. பிள்ளையைத் தவறவிட்டுக் கண்ணாடியைத் தட்டுகிறவர்களுக்கு அந்த நேரத்தில் பிள்ளையின் முகம் நினைவுக்கு வராது. அழகாக இருக்கும், துறுதுறுவென்று இருக்கும் என்பார்கள். அவள் முகத்தைக் கேட்கவே மாட்டாள். காலில் என்ன போட்டிருந்தது, கையில் என்ன வைத்திருந்தது, கடைசியாக எதைக் கேட்டு அடம் பிடித்தது என்று மட்டும் கேட்பாள். மைக்கில் ‘தொலைந்துபோன’ என்று சொல்ல மாட்டாள். அதைக் கேட்டதும், அதுவரை விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை அழ ஆரம்பித்துவிடும். கடைசி வரி என்றைக்கும் ஒன்றுதான்: ‘எங்கிருந்தாலும் விசாரணை அறைக்கு வரவும். உங்கள் தாய் தந்தையர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.’ தாய் மட்டும் வந்திருந்தாலும் தாய் தந்தையர்தான். ஒரு பெண் தனியாக வந்திருக்கிறாள் என்று அத்தனை கூட்டத்துக்கும் ஒலிபெருக்கியில் சொல்வானேன் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே முடிவு செய்தது. அப்புறம் அது வாயோடு ஒட்டிக்கொண்டது.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு மதியம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். அரை மணி நேரமாக நகரவே இல்லை.

“எந்த ஊருக்குப் போகணும்?” என்று கேட்டாள்.

“எங்கயும் போகலக்கா. நீங்க பேசுறதக் கேட்டுட்டு இருக்கேன்.”

“நல்ல பொழுதுபோக்கு. வீட்ல வேற ஆள் பேசுறதில்லையா?”

அவர் ஒலிப்பதிவாளர். ஒரு வீடியோ கேமுக்குக் குரல் தேடி அலைந்துகொண்டிருந்தார். கதை இதுதான் என்று கண்ணாடியின் ஓட்டை வழியாகவே விளக்கினார். உலகம் அழிந்து முப்பது வருடம் ஆகிறது. ஊரில் ஈ காக்கா கிடையாது. பேருந்து நிலையத்தில் ஒரே ஒரு ஒலிபெருக்கி மட்டும் சூரிய ஒளியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வண்டி வருகிறது, இந்த வண்டி வருகிறது என்று இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வண்டிதான் வராது.

“இப்பவும் இங்க அதானே நடக்குது” என்றாள் மைக் அக்கா.

அந்த ஒரு வாக்கியத்திலேயே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக அவர் பின்னால் சொன்னார்.

வார விடுமுறை நாட்களில் மூன்று தடவை போனாள். ஒரு மருந்துக்கடைக்கு மேல், மாடியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சிறிய அறை. அங்கே பேசினால் சொன்ன சொல் திரும்பி வராது. அதிலேயே அவளுக்கு முதல் நாள் மூச்சு முட்டியது. முதல் இரண்டு நாளில் வண்டி அறிவிப்புகள் நூற்றுப் பதினெட்டு முடிந்தன. மூன்றாம் நாள் அவர், “காணாமப் போனவங்க அறிவிப்பு ஒரு பத்து வேணும்க்கா. எழுதிக் குடுக்கலாம்னு பார்த்தேன். எழுதினா பொய்யாத் தெரியுது. நீங்களே மனசுல தோணுற மாதிரி சொல்லிருங்க” என்றார்.

நான்கு சொல்லி முடித்ததும் தேநீர் வந்தது. அப்போதுதான், பேச்சுவாக்கில், கேமின் பெயர் என்ன என்று கேட்டாள்.

“எஞ்சிய ஊர். ரெண்டாம் பாகம். முதல் பாகம் வேற மொழியில மட்டும்தான் வந்துச்சு. இதுல நம்ம பேச்சும் இருக்கு.”

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஒரே மகன். பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் பட்டாணி. பதினேழு வயதிலிருந்து இரண்டு வருடம் அவன் அந்த ஊரில்தான் குடியிருந்தான். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஓயாமல் ஓர் இரைச்சல் வரும். மின்விசிறிதான் கெட்டுவிட்டதென்று அவள் ஒருநாள் கதவைத் திறந்தாள்.

“ஃபேன் இல்லம்மா, காத்து. ஊர்ல ஆளே இல்லல்ல, அதான் காத்து கேக்குது.”

“ஆளில்லாத ஊர்ல உனக்கு என்னடா வேலை?”

“சாகாம இருக்கறதுதான் வேலை.”

முதல் பாகத்தை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். அதையும் முடித்தான். ரெண்டாம் பாகம் வரும், வந்ததும் ஒரு வாரத்துக்கு என்னை யாரும் கூப்பிடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தான்.

அவன் அப்பா பணிமனையில் பிரேக் மெக்கானிக். சக்கரத்தைக் கழற்றாமலே சத்தத்தை வைத்து எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆள் அதிகம் பேசுகிறவர் இல்லை, அடிக்கிறவரும் இல்லை. பையன் இரண்டு தேர்வில் தவறியதையும் பொறுத்துக்கொண்டார். யார் யாரையோ பார்த்துப் பேசிப் பணிமனையில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். அதற்கும் அவன் நான்கு நாள் போய்விட்டு நின்றான். அன்று காலை அவர் கேம் மெஷினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, அவனையும் கூட அழைத்துக்கொண்டு பணிமனைக்குப் போனார். மேசையில் வைத்து ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். தனித்தனியாக வந்ததை எல்லாம் கழிவு எண்ணெய் பீப்பாயில் ஒவ்வொன்றாகப் போட்டார். கோபத்தில் தூக்கி அடித்து உடைத்திருந்தால் அவன் ஒருவேளை மன்னித்திருப்பான். ஒரு மணி நேரம் நிதானமாகச் செய்தார். அவனை நின்று பார்க்க வைத்தார்.

அதிலிருந்து ஆறாவது நாள் அவன் கிளம்பிப் போய்விட்டான். ஒரு மாதம் கழித்து அவள் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ‘நல்லா இருக்கேன். தேடாதீங்க.’ திருப்பி அழைத்தபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை. காவல் நிலையத்தில், வயது வந்த பையன், தானாகத்தானே போயிருக்கிறான் என்றார்கள். ஒலிப்பதிவு அறையில் அவள் உட்கார்ந்திருந்த அன்றைக்கு நான்கு வருடம் முடிந்திருந்தது.

தேநீரைக் குடிக்காமலே உள்ளே போனாள். ஐந்து முதல் ஒன்பது வரை நினைவுக்கு வந்த பிள்ளைகளைக் கலந்து சொன்னாள். ஒருத்தியின் செருப்பை இன்னொருத்தியின் கையிலிருந்த பொம்மையோடு சேர்த்தாள். பத்தாவதைக் கலக்கவில்லை.

“வீட்டில் பட்டாணி என்று அழைக்கப்படும் தம்பியின் கவனத்துக்கு. வயது பத்தொன்பது. சாம்பல் நிற முழுக்கைச் சட்டை, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, கையில் வார் அறுந்து முடிச்சுப் போட்ட நீலப் பை. எங்கிருந்தாலும் விசாரணை அறைக்கு வரவும். உங்கள் தாய் தந்தையர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.”

கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். “கடைசி பிரமாதம்க்கா. எப்படிக்கா இவ்வளவு சரியா கற்பனை வருது?”

“பழக்கம்தான்” என்றாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. அவர் தொட்டியடியில் நின்று சோப்புத்தூள் போட்டுக் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். கையைக் கழுவிவிட்டு மறுபடி சோப்புத்தூளை அள்ளிக்கொண்டார்.

“அது எப்ப வருது?” என்றார்.

“இன்னும் பத்து மாசம்ங்கறாங்க.”

“அவன் வாங்குவானா?”

“அவன் வாங்காமயா?”

அந்த வீட்டில் காத்திருத்தல் அப்படித்தான் தொடங்கியது. அதற்கு முன்னும் காத்திருந்தார்கள்தான். ஆனால் அதற்குத் தேதி கிடையாது. இப்போது தேதி வந்துவிட்டது. பிரேக் கட்டை கம்பெனிக்காரன் கொடுத்த நாள்காட்டியில் அவர் அந்த நாளைப் பென்சிலால் வட்டமிட்டார். பேனாவால் போடுவதுதானே என்று அவள் கேட்டதற்கு, கேம் கம்பெனிக்காரன் பேச்சை நம்ப முடியாது என்றார். அவர் சொன்னது சரியாகப் போயிற்று. தேதி ஒரு தடவை நான்கு மாதம் தள்ளிப்போனது, அப்புறம் இன்னொரு ஆறு மாதம். ஒவ்வொரு தடவையும் அவர் வட்டத்தை அழித்துவிட்டு, பக்கங்களைப் புரட்டிப் போய் இன்னொரு வட்டம் போட்டார். வருடம் மாறியபோது பழைய நாள்காட்டியிலிருந்து புதியதுக்கு வட்டம் குடிபெயர்ந்தது.

முதல் தள்ளிப்போடலுக்குப் பிறகு ஒருநாள் அவர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். பிரித்தால் கேம் மெஷின். ஏற்கெனவே யாரோ வைத்திருந்தது. எண்ணெயில் மூழ்கிய அதே வகை.

“இது எதுக்கு இப்ப?”

“முதல் பாகம் இதுல இருக்கு. விளையாடப் பழகிக்கணும். ரெண்டாவது வந்ததும் நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும்ல. நீ சொன்னது அதுல இருக்கா இல்லையான்னு யாரு பாக்கறது?”

பிரேக்கைக் காதால் கேட்டுச் சரிசெய்கிறவருக்கு இரண்டு கட்டைவிரலையும் தனித்தனியாக அசைக்க வரவில்லை. திரையில் அவருடைய ஆள் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பான், சுவரில் முட்டி நின்று அங்கேயே நடந்துகொண்டிருப்பான். முதல் ஊரை விட்டு வெளியேறவே இரண்டு மாதம் ஆனது. ஊருக்கு வெளியே ஒரு பள்ளம். தினமும் மாலையில் வேலை முடிந்து வந்து, கை கழுவி, அந்தப் பள்ளத்தில் விழுவார். அவள் காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பாள்.

“வலது பக்கமா ஒதுங்கிப் போங்க.”

“வலது பக்கம்தான் போறேன்.”

“உங்க வலது இல்ல, அந்த ஆளோட வலது.”

“ரெண்டு பேருக்கும் ஒரே வலதுதாண்டி.”

விழுந்துவிடுவார். பணிமனையில் விஷயம் தெரிந்து, தேநீர் இடைவேளையில் “அண்ணே, நேத்து எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். “என்னையே நான் சுட்டுக்காம இருந்தா போதும்” என்பார். அவர் அப்படிப் பகடி பேசி அவர்கள் கேட்டதில்லை. அந்த மாதங்களில்தான் அவரும் அவளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே பக்கம் பார்த்தார்கள். அதை அவள் கவனித்தாள். அவன் போனதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளவில்லை. காற்று இரைந்துகொண்டிருக்கும். இடிந்த வீடுகளுக்குள் புகுந்து அலமாரிகளைத் திறந்து பார்ப்பார். யாரோ விட்டுப்போன சட்டை, யாரோ விட்டுப்போன தட்டு. ஒருநாள், “இவ்வளவு நேரம் இதுக்குள்ளயே இருந்திருக்கான் பாரு. எனக்கு ஒரு தடவைகூட என்னன்னு எட்டிப் பாக்கத் தோணல” என்றார். அவள் காயை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

முழு ஆட்டம் வெளிவர இரண்டு மாதம் இருக்கும்போது கம்பெனி டெமோ விட்டது. கதையில் ஒரே ஒரு பகுதி, இலவசமாக. எந்தப் பகுதி என்று ஒலிப்பதிவாளர் தொலைபேசியில் சொன்னார். பேருந்து நிலையம்.

அவர்கள் வீட்டு இணைப்பில் அது இறங்க ஒன்றரை நாள் பிடித்தது. விடுமுறை நாள் மதியம் அவர் மெஷினின் பொத்தான் கைப்பிடியை எடுத்துக்கொண்டார். இடிந்த நடைமேடைகள், புல் முளைத்த பேருந்துகள், எங்கிருந்தோ துரத்தி வரும் நாய்கள். மூன்று தடவை நாயிடம் செத்தார்.

“இந்த நாய் என்னைத்தான் கடிக்குது.”

“வேற யாரு இருக்கா அங்க, கடிக்க?”

நான்காவது தடவை கம்பத்தடிக்குப் போய்விட்டார். கம்பத்தின் மேல் கூம்பு ஒலிபெருக்கி, அதன் ஓரத்தில் சிறிய சிவப்பு விளக்கு. அவளுடைய குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு சேர்த்திருந்தார்கள். வராத வண்டிகள் ஏழெட்டு. பிறகு பச்சைச் செருப்புப் போட்ட ஒரு சிறுமி. பிறகு மறுபடி வண்டிகள். அவர் அசையாமல் நின்றார். கால் மணி நேரம் கழித்துப் பட்டாணி வந்தான்.

அறிவிப்பு முடிந்ததும் அவர் கைப்பிடியை மடியில் வைத்துவிட்டார். நாய்கள் வந்து அந்த ஆளைக் கடித்துத் தின்றன.

“தாய் தந்தையர்னு சொல்லியிருக்க” என்றார்.

“எப்பவும் சொல்றதுதானே.”

“இல்ல. என்னையும் சேத்திருக்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்காத மாதிரி அவள் எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தப் போனாள்.

அடுத்த பத்தொன்பது நாள் கைபேசியை அவள் கழிப்பறைக்கும் எடுத்துக்கொண்டு போனாள். தெரியாத எண் எதுவாக இருந்தாலும் முதல் மணியிலேயே எடுத்தாள். எல்லாம் கடன் வேண்டுமா, வீட்டுமனை வேண்டுமா என்பவர்கள். அவர்களிடம்கூட ஒரு நொடி தாமதித்துத்தான் வேண்டாம் என்றாள்.

அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. டெமோ விளையாடியவர்கள் இணையத்தில் எழுதுவதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். காணாமல் போன பத்துப் பேரில் பத்தாவது மட்டும் எல்லோருக்கும் தனியாகப் பட்டிருந்தது. மற்றவர்கள் எல்லாம் குழந்தைகள். இவனுக்கு மட்டும் ஏன் பத்தொன்பது வயது, முடிச்சுப் போட்ட பை ஏன், இதில் ஏதோ மர்மம் இருக்கிறது, முழு ஆட்டத்தில் பட்டாணியைத் தேடிப் போகிற பகுதி ஒன்று கண்டிப்பாக இருக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். ஆளாளுக்குத் தேடத் தொடங்கினார்கள். ஒருவன் நீலப் பையைக் கண்டுபிடித்துவிட்டதாகப் படம் போட்டான். அது பொய் என்று நூறு பேர் அவனைத் திட்டினார்கள். பட்டாணி செத்துக் கிடக்கிற மாதிரி ஒருத்தி ஓவியம் வரைந்திருந்தாள். ‘எங்கிருந்தாலும் விசாரணை அறைக்கு வரவும்’ என்பதைப் பாட்டாக்கி, தாளம் போட்டு ஆடினார்கள்.

“ஊரே தேடுது” என்றார் அவர், முகமெல்லாம் வெளிச்சமாக. “நாம ரெண்டு பேரா தேடினோம். இப்பப் பாரு, லட்சம் பேரு.”

“அந்தப் படத்த மூடுங்க.”

“சும்மா வரைஞ்சதுதானே.”

“மூடுங்கன்னேன்.”

பணியிடத்தில் அவள் அனுபவத்தில் ஒன்று கண்டிருக்கிறாள். கூட்டமாகச் சேர்ந்து தேடினால் பிள்ளை ஒளிந்துகொள்ளும். அதை அவரிடம் சொல்லவில்லை.

இருபதாம் நாள் ஒலிப்பதிவாளர் அழைத்தார். ஒரு அறிவிப்பை மட்டும் மறுபடி பதிய வேண்டும், இன்றைக்கே வர முடியுமா என்றார். எந்த அறிவிப்பு என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மருந்துக்கடை மாடியில் அவர் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தான் நின்றார்.

“அக்கா, அந்தப் பத்தாவது. அது யாரு?”

“என் பையன்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். “அப்பவே சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேனேக்கா.”

“அதனாலதான் சொல்லல.”

கம்பெனிக்கு ஒரு புகார் வந்திருந்தது. அவருக்கு அனுப்பிய நகலில் பெயர், முகவரி இருந்த இடங்களைக் கறுப்பாக்கியிருந்தார்கள். படிக்கலாமா என்று கேட்டாள். யோசித்துவிட்டுக் கொடுத்தார்.

‘உங்கள் டெமோவில் வரும் பத்தாவது அறிவிப்பில் உள்ள விவரங்கள் என்னுடையவை. என்னிடம் அனுமதி பெறவில்லை. நான் வேலை செய்யும் இடத்தில் சிலர் தழும்பைப் பார்த்துவிட்டு என்னை அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதை உடனே நீக்கவும். குரல் கொடுத்தவரோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. என்னைப் பற்றிய எந்த விவரத்தையும் அவருக்குத் தர வேண்டாம். ஆதாரத்துக்கு அடையாள அட்டை நகல் இணைத்துள்ளேன்.’

பிழை ஒன்றுகூட இல்லை. தேர்வில் இதே மாதிரி எழுதியிருந்தால் தேறியிருப்பான் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நேரத்தில் அப்படி நினைக்கத் தோன்றியதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ‘நான் வேலை செய்யும் இடத்தில்’ என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வேலை இருக்கிறது. கூட நாலு பேர் இருக்கிறார்கள். கேலி செய்கிற அளவுக்குப் பழகியவர்கள்.

“எந்த ஊர்லேருந்து வந்துச்சு?”

“எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது.”

அவள் வற்புறுத்தவில்லை. ஓடிப்போனவர், தேடி வருபவர், நடுவில் நிற்பவர் என்ற இந்த மூன்று பேர் பேச்சின் எல்லாப் பக்கமும் அவளுக்குத் தெரியும். ஓடிவந்த பெண்ணுக்கு வண்டி எண் சொல்லி அனுப்பிவிட்டு, அரை மணி கழித்து வந்து நிற்கும் கணவனிடம், அப்படி யாரும் வரவில்லையே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அந்தக் கணவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று, மேசையில் ஏதாவது தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். இப்போது அவள் அந்தக் கறுப்புப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி ஒரு தாளும் அனுப்பியிருந்தது. மீதி ஒன்பதும் உண்மையில் வாழும் யாரையும் குறிப்பவை அல்ல என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டாள். ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கி, “பத்துங்கற கணக்கு கதையில இருக்குக்கா. பதிலுக்கு ஒண்ணு வேணும். இன்னொரு நாள் வேணும்னாலும்…” என்றார்.

“இப்பவே சொல்லிடறேன்.”

பஞ்சு ஒட்டிய அறைக்குள் போய் உட்கார்ந்தாள். ஏழு வயதுச் சிறுமி, மஞ்சள் கவுன், ஒரு காலில் மட்டும் கொலுசு, கையில் பாதி தின்ற பிஸ்கட். எங்கிருந்தாலும் விசாரணை அறைக்கு வரவும். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். குரல் எங்கேயும் பிசகவில்லை. பாதுகாப்புக்கு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் வேலையிலிருந்து வந்து, கை கழுவி, மெஷின் முன் உட்கார்ந்து டெமோவை ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் பள்ளத்தில் விழுவதில்லை.

“எதுக்குக் கூப்பிட்டாங்களாம்?”

வழியெல்லாம், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். செருப்பைக் கழற்றும்போது, சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நின்றபடியே சொன்னாள். புகாரின் வரிகளை ஒன்றுவிடாமல் சொன்னாள். அறிவிப்பைப் படித்துப் படித்துப் பழகிய தலை, ஒரு தடவை பார்த்தால் நிற்கும்.

அவர் முதலில், “கேட்டிருக்கான்” என்றார்.

“கேட்டிருக்கான்.”

“வேலை பாக்கறான்.”

“ஆமா.”

“அதுல அப்பாங்கற வார்த்தை இருந்துச்சா?”

“இல்ல. அம்மாவும் இல்ல. குரல் கொடுத்தவர்னு இருந்துச்சு.”

அவர் கைப்பிடியிலிருந்து ஒரு விரலை எடுத்தார், மறுபடி வைத்தார். “தாய் காத்திருக்காங்கன்னு மட்டும் சொல்லியிருந்தா வந்திருப்பான்.”

“அது சொல்ற முறைங்க. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றது.”

“அவன் எல்லாரும் இல்லையே.”

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். இருபத்து மூன்று வருடப் பழக்கம் அந்த ஒரு சொல்லைத் தானாகவே சேர்த்துவிட்டது. அவள் நினைத்துச் சேர்க்கவில்லை. அவரைச் சேர்த்ததாக அவர் கண் கலங்கிய அன்றைக்கும் அதை அவள் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லப் போவதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பிறகு அவர் கேட்டார்.

“முழு கேம் வந்ததும் விளையாடுவான்ல?”

“விளையாடுவான். அதுக்குத்தானே இத்தனை வருசம் காத்துக்கிட்டு இருந்தான்.”

“நீ பேசுன மத்தது எல்லாம் அதுல இருக்கும்ல. வண்டி அறிவிப்பு, மத்த பிள்ளைங்க.”

“இருக்கும்.”

“அப்ப உன் குரலக் கேட்டுத்தானே ஆகணும்.”

அவர் திரையைப் பார்த்துவிட்டு, ஒரு பொத்தானை அழுத்தினார். ஆட்டம் அப்படியே நின்று, பட்டியல் ஒன்று வந்தது. எழுத்தின் அளவு, வெளிச்சம், ஒலி. ஒலிக்குள் மூன்று கோடுகள். இசை, சுற்றுப்புறச் சத்தம், பேச்சு.

“இது இருக்கு” என்றார். ஒரு வருடத்துக்கு முன் இதையெல்லாம் அவருக்குப் படிக்கவே தெரியாது. “பேச்ச மட்டும் நிறுத்திக்கலாம்.”

மூன்றாவது கோட்டைக் கடைசி வரை இடது பக்கம் தள்ளிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார். நடைமேடைகளைக் கடந்து கம்பத்தடியில் போய் நின்றார். சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. காற்று வீசியது. தூரத்தில் எங்கோ ஒரு தகரம் அடித்துக்கொண்டது. அறிவிப்பு போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த விளக்கைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

“இப்படித்தான் இருக்கும் அவனுக்கு” என்றார்.

கோட்டைப் பழைய இடத்துக்கு நகர்த்த அவர் பட்டியலைத் திறக்கப் போனார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.”